சைகோட்டீனில் யார் யாரைத் தேடுகிறார்கள்? குரோமோசோம்கள் ஜோடி சேரும் விதம்: விவாத இழை

நெல்லிக்காய்

மயோசிஸ் (பாலணு உண்டாக்கக் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல்பகுப்பு) பாடத்தில், அதன் தொடக்க நிலைகளில் ஒன்றான சைகோட்டீனுக்கு ஒரே வரிதான் தருகிறார்கள்: ஒத்த குரோமோசோம்கள் பக்கத்தில் வந்து ஜோடி சேரும். எப்படி வரும் என்பதற்குப் பதிலே இல்லை. மனித செல்லின் உட்கருவில் 46 நூல் சிக்கிக் கிடக்கிறது. அதில் அப்பா வழி வந்த 7-ஆம் குரோமோசோம் அம்மா வழி வந்த 7-ஐ எதை வைத்து அடையாளம் காணும்? ஒரு காணொளியில், புரதத்தால் ஆன ஜிப் ஒன்று இரண்டையும் இழுத்துப் பூட்டுகிறது, குறுக்கேற்றம் அதற்கப்புறம் நடக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் துணையைக் கண்டுபிடிப்பது அந்த ஜிப்தானா?

டிப்ளோட்டீன்

ஜிப்புக்குக் கண் கிடையாது. அது சினாப்டோனீமல் கட்டமைப்பு. 1956-இல் மோசஸ், ஃபாசெட் இருவரும் தனித்தனியாக எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தது. இரண்டு பக்கத் தண்டவாளம், நடுவில் சுமார் 100 நானோமீட்டர் இடைவெளி, அதைக் குறுக்குக் கட்டைகள் போல நிரப்பும் புரதம். ஈஸ்ட்டில் அதன் பெயர் ஜிப்1, பாலூட்டிகளில் எஸ்ஒய்சிபி1. பக்கத்தில் எந்த இரண்டு தண்டவாளம் இருந்தாலும் அது பூட்டிவிடும். ஒவ்வொரு குரோமோசோமும் ஒற்றையாகவே இருக்கிற ஒற்றைமய பார்லிச் செடியில் துணை என்று ஒன்றுமே இல்லை. அங்கேயும் சம்பந்தமில்லாத குரோமோசோம்களுக்கு நடுவே இந்தக் கட்டமைப்பு உருவாகிறது. ஆக, ஆள் அடையாளம் முன்னாடியே முடிந்திருக்க வேண்டும்.

மூன்று சொல்லைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ஜோடி சேர்தல் என்றால் ஒத்தவை அருகருகே வந்து நிற்பது. சினாப்சிஸ் என்றால் அந்த 100 நானோமீட்டர் பூட்டு விழுவது. குறுக்கேற்றம் என்றால் டிஎன்ஏ துண்டு இடம் மாறி ஒட்டுவது. புத்தகங்கள் முதல் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகின்றன.

சுண்டெலியில் நடப்பது இது. சைகோட்டீனுக்கு முந்தைய நிலையான லெப்டோட்டீனிலேயே ஸ்போ11 என்ற புரதம் டிஎன்ஏவின் இரண்டு இழையையும் சேர்த்து வெட்டுகிறது. விபத்து இல்லை, செல்லே வேண்டுமென்று செய்வது. ஒரு செல்லில் சுமார் 200 முதல் 300 வெட்டு. ஒவ்வொரு வெட்டு முனையிலும் ஓர் இழை கொறிக்கப்பட்டு மற்ற இழை வால் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த வாலை ரேட்51, டிஎம்சி1 என்ற இரண்டு புரதங்கள் போர்த்திக்கொள்ளும். போர்த்திய வால்தான் தேடும் கை. எதிரே படுகிற இரட்டை இழையில் முதலில் 8 எழுத்து (டிஎன்ஏவின் வேதி அலகு) பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தவில்லை என்றால் உடனே விட்டுவிடும். பொருந்தினால் மூன்று மூன்று எழுத்தாக நீட்டிப் பார்க்கும். ரேட்51 இதில் கறார். டிஎம்சி1 நடுவில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பொறுத்துக்கொண்டு மேலே போகும். அப்பா வழியும் அம்மா வழியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்காது அல்லவா, அந்தத் தாராளம் வேண்டியிருக்கிறது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: குறுக்கேற்றத்தின் முதல் வேலையான வெட்டு, பூட்டு விழுவதற்கு முன்னாலேயே நடக்கிறது. முடிவது மட்டும்தான் சைகோட்டீனுக்கு அடுத்த நிலையான பாக்கிட்டீனில். அந்த 200-300 வெட்டில் குறுக்கேற்றமாக முடிவது 22-25 மட்டும். சுண்டெலிக்கு இருப்பது 20 ஜோடி. மீதி வெட்டெல்லாம் தேடுவதற்குப் பயன்பட்டு, சத்தமில்லாமல் பழுது பார்க்கப்பட்டுவிடும்.

ஆறுஜோடி

மேலே சொன்னது ஈஸ்ட், சுண்டெலி, செடிகளுக்குச் சரி. எல்லா உயிருக்கும் அதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவில் வெட்டே இல்லாமல் ஜோடி சேர்கிறது, பூட்டும் விழுகிறது.

புழுவுக்கு 6 ஜோடி. ஒவ்வொரு குரோமோசோமின் ஒரு முனைப்பக்கத்திலும் ஜோடி மையம் என்று ஒரு பகுதி, அதில் குறிப்பிட்ட குறுந்தொடர் திரும்பத் திரும்ப வரும். அதன் மேல் துத்தநாக விரல் புரதம் ஒன்று உட்காரும். எக்ஸ் குரோமோசோமுக்கு ஹிம்-8. மற்றவற்றில் ஜிம்-1 இரண்டாவதிலும் மூன்றாவதிலும், ஜிம்-2 ஐந்தாவதில், ஜிம்-3 முதலாவதிலும் நான்காவதிலும். இந்தப் புரதங்கள் உட்கரு உறையைத் துளைத்து நிற்கும் சன்-1, ஜிக்-12 ஜோடியோடு கோத்துக்கொள்ளும். வெளியே டைனீன் என்ற மோட்டார் புரதம் இழுக்கும். குரோமோசோம் முனை உறையின் உட்பக்கத்தில் இங்கும் அங்கும் ஓடும்.

ஹிம்-8 கெட்டால் எக்ஸ் மட்டும் ஜோடி சேராது, மற்ற ஐந்தும் ஒழுங்காகச் சேரும். இந்தப் புழுவில் இரண்டு எக்ஸ் இருந்தால் இருபால், ஒன்று இருந்தால் ஆண். சாதாரணமாக ஆயிரத்தில் ஓரிரண்டு ஆண் வரும் இடத்தில், ஹிம்-8 கெட்ட புழுவின் குஞ்சுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆண். ஹிம் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான், ஆண் மிகுதி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

இதே புழுவில் ஸ்போ-11ஐ எடுத்துவிட்டுப் பாருங்கள். பாக்கிட்டீனில் பூட்டு அழகாக விழுந்திருக்கும். ஜோடிகள் பிரியத் தயாராகும் டயாகைனசிஸ் நிலை முட்டைச் செல்லில் டிஎன்ஏ சாயம் போட்டு எண்ணினால் 6 பொட்டு இருக்க வேண்டிய இடத்தில் 12. ஜோடியாக நின்றன, பூட்டின. ஆனால் குறுக்கேற்றம் இல்லாததால் பூட்டு கழன்றதும் பிடிப்பு இல்லை. டிப்ளோட்டீன் சொன்ன மூன்று சொல்லும் தனித்தனி என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

கார்மைன்

ஒரு சந்தேகம். நான்கு புரதம், ஆறு குரோமோசோம் என்றால் ஜிம்-1 சுமக்கும் இரண்டாவதும் மூன்றாவதும் ஏன் தங்களுக்குள் பூட்டிக்கொள்வதில்லை?

ஆறுஜோடி

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அதனால்தான் புரதத்தை மட்டும் வைத்து அடையாளம் என்று சொல்ல முடியாது. முனைகள் கொஞ்ச நேரம் ஒட்டும், மோட்டார் இழுக்கும், தவறான ஜோடி பிய்ந்துபோகும், ஒத்த ஜோடி தாக்குப்பிடிக்கும். தாக்குப்பிடித்த இடத்தில்தான் பூட்டு தொடங்கும். தொடங்கிவிட்டால் மறுமுனை வரை நிற்காமல் ஓடிவிடும் என்பதால் தொடக்கத்துக்குத்தான் காவல் அதிகம்.

நெல்லிக்காய்

புழுவுக்குச் சரி. மனித டிஎன்ஏவில் பாதி திரும்பத் திரும்ப வரும் தொடர்கள்தானே? 8 எழுத்துப் பொருத்தம் என்றால் எங்கே பார்த்தாலும் பொருந்துமே. தேடும் கை தவறான குரோமோசோமைப் பிடித்துக்கொண்டால்?

டிப்ளோட்டீன்

பிடிக்கத்தான் செய்யும். ஒரு கை பிடித்ததும் செல் அதை நம்பிவிடுவதில்லை. ஒரே குரோமோசோம் நீளத்தில் பத்துப் பதினைந்து கை நீண்டிருக்கிறது. ஒன்றோ இரண்டோ தவறான இடத்தைப் பிடிக்கலாம், எல்லாமே வரிசை மாறாமல் இன்னொரு தவறான குரோமோசோமைப் பிடிக்க வாய்ப்பில்லை. மேலே மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இழுபறி. பாலூட்டியில் டீலோமியர் எனும் குரோமோசோம் முனைகளை டெர்ப்1, டெர்ப்2, மஜின் என்ற புரதங்கள் உட்கரு உறையில் ஒட்டவைக்கும். உறையில் சன்1, வெளிப்பக்கம் காஷ்5, அதைப் பிடித்து டைனீன். சைகோட்டீன் தொடக்கத்தில் முனைகள் ஒரு பக்கமாகக் குவிந்து பூங்கொத்து மாதிரி தெரியும். ஈஸ்ட்டில் இதே வேலையை ஆக்டின் செய்கிறது. பிளவு ஈஸ்ட்டில் இன்னும் வேடிக்கை: உட்கரு முழுவதுமே குதிரைவால் மாதிரி நீண்டு, செல்லின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுமார் 2 மணி நேரம் அலையும். அதற்கு ஜிப்பே இல்லை, ஆனாலும் ஜோடி சேர்கிறது.

இரண்டாவது, பக்கத்து வீட்டைத் தவிர்ப்பது. வெட்டுப்பட்ட இழைக்கு மிக அருகில், எழுத்துப் பிசகாமல் இருப்பது அதன் சகோதரிக் குரோமாட்டிட், அதாவது அதே குரோமோசோமின் நகல்தான். சாதாரண செல்பகுப்பில் பழுது பார்ப்பதும் அதை வைத்துத்தான். மயோசிஸில் அப்படிச் செய்தால் துணையைத் தேடவே வேண்டியிருக்காது. ஈஸ்ட்டில் ஹாப்1, ரெட்1, மெக்1 என்ற மூன்றும் சேர்ந்து சகோதரிப் பக்கம் போகும் வழியை அடைக்கின்றன. பாலூட்டியில் ஹாப்1-இன் உறவுக்காரர் ஹார்மேட்1. டிரிப்13 என்ற புரதம் வந்து, பூட்டு விழுந்த இடத்திலிருந்து ஹார்மேட்1-ஐ உரித்துவிடும். உரிக்காமல் மிச்சமிருக்கும் இடம், இங்கே இன்னும் துணை கிடைக்கவில்லை என்ற பலகை.

மூன்றாவது, வெட்டு விழும் இடம். மனிதனிலும் சுண்டெலியிலும் பிஆர்டிஎம்9 என்ற புரதம் குறிப்பிட்ட தொடரில் உட்கார்ந்து, இங்கே வெட்டு என்று குறி போடும். இரண்டு துணையிலும் அதே இடத்தில் அது உட்கார்ந்தால் தேடல் சுலபம். பிடபிள்யூடி என்ற வகைத் தாய்க்கும் பி6 என்ற வகைத் தகப்பனுக்கும் பிறக்கும் ஆண் சுண்டெலி மலடாவது இங்கேதான். ஒரு துணையில் உட்காரும் இடம் காலப்போக்கில் அழிந்திருக்கும், மறு துணையில் இருக்கும். வெட்டு ஒரு பக்கமாகவே விழும். பல குரோமோசோம் பூட்டாமல் நிற்கும். 2016-இல் அந்தப் புரதத்தின் டிஎன்ஏ பிடிக்கும் விரல்களை மட்டும் மனித வடிவத்துக்கு மாற்றியதும் அதே கலப்பு ஆண் எலியின் மலட்டுத்தன்மை நீங்கியது. ஜோடி சேர்வது வெட்டின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததில்லை, எங்கே விழுகிறது என்பதையும் பொறுத்தது என்று காட்டிய சோதனை அது.

சம்பா கோதுமை

செடிப் பக்கம் வாருங்கள், சிக்கல் இன்னும் பெரிது. ரொட்டிக் கோதுமையில் 42 குரோமோசோம். ஏ, பி, டி என்று மூன்று மூதாதையரின் தொகுதி, ஒவ்வொன்றிலும் 7 ஜோடி. 1ஏ, 1பி, 1டி மூன்றும் பங்காளிகள், மரபணு வரிசை ஏறக்குறைய ஒன்றே. எழுத்துப் பொருத்தம் மட்டும் போதும் என்றால் 1ஏ போய் 1பியைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் ஜோடிகள் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கும் மெட்டாஃபேஸ் 1-இல் எண்ணினால் சுத்தமாக 21 பைவேலண்ட், அதாவது கோத்த ஜோடி.

அதற்குக் காரணமான இடம் 5பி குரோமோசோமின் நீளக் கையில் இருக்கிறது, பெயர் பிஹெச்1. 1958-இல் ரைலியும் சாப்மனும் ஒரு பக்கம், சியர்ஸும் ஒகமோட்டோவும் இன்னொரு பக்கம் கண்டார்கள். 5பி இல்லாத செடியில் பங்காளிகள் கலந்துகொண்டு நான்கு, ஆறு குரோமோசோம் கோத்த சங்கிலிகள் வரும். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது ஜிப்4 மரபணுவின் (மேலே சொன்ன ஜிப்1 அல்ல, வேறொன்று) கூடுதல் பிரதி என்பது பின்னால் தெரிந்தது. ஜிப்4 வழக்கமாக இருப்பது மூன்றாம் தொகுதி குரோமோசோம்களில். 3பியில் இருந்து ஒரு பிரதி 5பிக்குக் குடிபோயிருக்கிறது. அது பங்காளிகளுக்குள் குறுக்கேற்றம் விழாமல் தடுக்கிறது, உண்மையான துணைகளின் சினாப்சிஸையும் முந்தவைக்கிறது.

நடைமுறையில் இதை வைத்துத்தான் காட்டுப்புல் மரபணுவைக் கோதுமைக்குள் கொண்டுவருகிறார்கள். பிஹெச்1 இருக்கும்வரை காட்டு உறவின் குரோமோசோம் கோதுமைக் குரோமோசோமோடு துண்டு மாற்றாது. 1977-இல் சியர்ஸ் எக்ஸ்-கதிர் வைத்து அந்தப் பகுதியை இழந்த பிஹெச்1பி வகையை உருவாக்கினார். அதோடு கலப்பு செய்து, ஒரு தலைமுறை தடை இல்லாமல் விட்டு, துண்டு மாறியதும் திரும்ப பிஹெச்1 உள்ள செடியோடு கலக்க வேண்டும். திரும்பக் கலக்க மறந்து தலைமுறை தலைமுறையாக பிஹெச்1பியிலேயே ஓட்டுபவர்களுக்கு மணி பிடிப்பு சரியும், குரோமோசோம்கள் தாங்களாகவே கலைந்து போகும். அப்புறம் விரும்பிய மரபணு எங்கே இருக்கிறது என்று தேடுவதே வேலையாகிவிடும்.

டிப்ளோட்டீன்

இதில் ஒரு சின்ன இடைச்செருகல். கோதுமையின் ஜிப்4க்குப் பாலூட்டியில் இணையானது டெக்ஸ்11. மனிதனில் அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆணுக்கு ஒரே பிரதி. அது கெட்டால் விந்தணு உற்பத்தி மயோசிஸிலேயே நின்று, விந்தில் அணுவே இல்லாமல் போகும் என்பது 2015-இல் வெளியானது. கோதுமை வயலிலும் மலட்டுத்தன்மைக் கோப்பிலும் ஒரே குடும்பத்து மரபணு.

வாழையடி

படித்துக்கொண்டே வருகிறேன், ஒரு கேள்வி. பூவன், ரஸ்தாளியில் விதை இல்லாததற்குக் காரணம் ஜோடி சேராததுதான் என்று படித்திருக்கிறேன். மூன்று பிரதி இருந்தால் இரண்டு சேர்ந்து ஒன்று மிஞ்சும், அவ்வளவுதானே? ஒன்று மிஞ்சினால் ஏன் எல்லாமே கெட வேண்டும்?

சம்பா கோதுமை

கணக்குப் போட்டால் தெரியும். வாழையின் அடிப்படை எண் 11. ஏ, பி என்பவை இரண்டு மூதாதை இனங்களின் தொகுதிகள். பூவன், ரஸ்தாளி, நேந்திரன் ஏஏபி, மொந்தன், கற்பூரவல்லி ஏபிபி, செவ்வாழை ஏஏஏ. எல்லாம் 33 குரோமோசோம். மூன்று பிரதி இருக்கும்போது ஓர் இடத்தில் பூட்டு இரண்டுக்கு நடுவில்தான் விழும். மூன்றாவது வேறோர் இடத்தில் கூட்டாளி மாற்றிக்கொள்ளும், அல்லது தனியாகவே நிற்கும். எப்படிக் கோத்தாலும் பிரியும்போது ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் ஒன்று. இது 11 தொகுதியிலும் தனித்தனியாக நடக்கிறது. எல்லாத் தொகுதியிலும் ஒன்று ஒன்றாகவோ எல்லாவற்றிலும் இரண்டு இரண்டாகவோ ஒரே செல்லுக்குப் போனால்தான் கணக்குச் சரியான பாலணு. நிகழ்தகவு இரண்டை 2-இன் 11-ஆம் அடுக்கால் வகுத்தது, அதாவது 1024-இல் ஒன்று. மற்ற 1023-இலும் ஏதோ ஒரு குரோமோசோம் கூடும், ஏதோ ஒன்று குறையும். தனியாக நின்றவை வழியிலேயே தொலைவதையும் சேர்த்தால் இன்னும் மோசம்.

ஆனால் விதை இல்லாததும் பழம் பெருப்பதும் வேறு வேறு. சூல் கருவுறாமலே வாழைக்காய் பெருக்கும், அது தனிக் குணம். அந்தக் குணம் இல்லாத மும்மடியத்தில் (மூன்று பிரதிச் செடியில்) மகரந்தம் வேண்டும்; விதையில்லாத் தர்பூசணிக்கும் 33 குரோமோசோம்தான், ஆனால் பக்கத்தில் சாதாரணத் தர்பூசணிச் செடி வைத்து மகரந்தம் கொடுக்காவிட்டால் காயே பிடிக்காது. மும்மடியம் என்றாலே முழு மலடு என்றும் சொல்லிவிட முடியாது. கற்பூரவல்லியில் மகரந்தம் விழுந்தால் கல்லு மாதிரி விதை பல்லில் படும்.

கார்மைன்

இதெல்லாம் கண்ணால் பார்க்கக் கல்லூரி நுண்ணோக்கி போதும். வெங்காயப் பூமொட்டு எடுங்கள், 16 குரோமோசோம், 8 பைவேலண்ட். தோல் வெடிக்காத பூக்கொத்தைக் காலையில் பறித்து, அந்த இடத்திலேயே, அன்றே கலந்த 3 பங்கு எத்தனால், 1 பங்கு பனி அசெட்டிக் அமிலத்தில் போடுங்கள். கலந்து நாளான திரவம் உதவாது; இரண்டும் வினைபுரிந்து எஸ்டர் ஆகிவிடும். 24 மணி நேரம் கழித்து 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் பல வாரம் தாங்கும். வேர்நுனிக்குச் செய்வதுபோலக் கால்சிசினில் ஊறவைக்காதீர்கள், இங்கே அதற்கு வேலை இல்லை.

சாயம்: 45 சதவீத அசெட்டிக் அமிலம் 100 மில்லியில் 1 கிராம் கார்மைன், மெதுவாகக் கொதிக்கவைத்து ஆறவைத்து வடிகட்டியது. ஒரு கொத்தில் எல்லா வயது மொட்டும் இருக்கும். அளவு வாரியாக அடுக்கிவிட்டு, ஒரு மொட்டின் 6 மகரந்தப் பையில் ஒன்றை மட்டும் நசுக்கிப் பாருங்கள். நிலை சரியாக இருந்தால் மீதி ஐந்தும் ஏறக்குறைய அதே நிலைதான். துருப்பிடித்த ஊசியால் சாயத்துளியிலேயே நசுக்கினால் இரும்பு கலந்து நிறம் கருக்கும். பையின் தோலைப் பொறுக்கி எடுக்காமல் மூடுதகடு வைத்தால் தகடு தூக்கிக்கொண்டு நிற்கும், செல் தட்டையாகாது. அழுத்தும்போது கட்டைவிரல் நேர் கீழே. பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் செல் உருண்டு கயிறாகிவிடும். சூடு காட்டுங்கள், ஆனால் குமிழி வரவிடாதீர்கள்.

பார்ப்பதில் பலரும் தவறுவது இரண்டு இடம். சைகோட்டீனில் நூலெல்லாம் ஒரு பக்கம் சுருண்டு முடிச்சாகத் தெரிந்தால் அதையே பூங்கொத்து அமைப்பு என்று எழுதிவிடுகிறார்கள். பாதி நேரம் அது நிலைநிறுத்தும் திரவம் மெதுவாக ஊடுருவியதால் வந்த சுருக்கம். இரண்டாவது, டயாகைனசிஸில் 16 தனிக் குரோமோசோம் தெரிந்தால் ஜோடியே சேரவில்லை என்று முடிவு கட்டுவது. அதே பூக்கொத்தின் பாக்கிட்டீன் செல்லைத் தேடிப் பார்க்க வேண்டும். அங்கே தடித்த இரட்டை நூல் தெரிந்தால் சேர்ந்து பிரிந்த வகை. மெல்லிய ஒற்றை நூலாகவே இருந்தால் சேராத வகை. முன்னதில் பழுது குறுக்கேற்றத்தில், பின்னதில் தேடலிலோ பூட்டிலோ. புழுவில் ஸ்போ-11 கெட்டபோது வந்த 12 பொட்டு இந்த முதல் வகை.

பைவேலண்டின் வடிவத்திலேயே குறுக்கேற்றம் விழுந்த இடம் தெரியும். வளையம் என்றால் இரண்டு கையிலும் கயாஸ்மா, அதாவது குறுக்கேற்றம் விழுந்த பிணைப்பு. கோல் என்றால் ஒரு கையில் மட்டும். நம் வெங்காயத்தில் வளையம் நிறைய வரும். ஜப்பான் கொத்துவெங்காயத்தில் கயாஸ்மா சென்ட்ரோமியரை (இரண்டு கையும் சேரும் இடுப்பை) ஒட்டியே விழுவதால் சிலுவை மாதிரி தெரியும். இரண்டுக்கும் 16 குரோமோசோம்தான், விழும் இடம்தான் வேறு.

நெல்லிக்காய்

ஆண்களில் எக்ஸும் ஒய்யும் என்ன செய்கின்றன? அவை ஒத்தவையே இல்லையே.

டிப்ளோட்டீன்

முனையில் கொஞ்சம் ஒத்தவை. மனிதனில் குட்டைக் கை நுனியில் சுமார் 27 லட்சம் எழுத்து நீளப் பகுதி இரண்டிலும் பொது. ஒவ்வொரு செல்லிலும் அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு குறுக்கேற்றம் கட்டாயம் விழுந்தாக வேண்டும். சுண்டெலியில் அது இன்னும் சிறிது, சுமார் 7 லட்சம். சராசரிக் கணக்கில் அங்கே ஒரு வெட்டு விழுவதே சந்தேகம். அதனால் அந்த இடத்தில் குரோமோசோம் தண்டு நீளமாகவும் டிஎன்ஏ கண்ணிகள் குட்டையாகவும் அமைந்து, வெட்டு பத்து மடங்குக்கு மேல் அடர்த்தியாக விழுகிறது. மற்ற ஜோடிகள் சேர்ந்தபிறகு கடைசியில்தான் எக்ஸ்-ஒய் சேரும்.

பழ ஈயின் ஆண் இந்த வழியையே எடுப்பதில்லை. அதில் குறுக்கேற்றமும் இல்லை, ஜிப்பும் இல்லை. ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்களுக்கு இடையே வரும் 240 எழுத்துத் தொடரை வைத்து எக்ஸும் ஒய்யும் ஒட்டிக்கொள்கின்றன.

வாழையடி

கார்மைன் சார், வெங்காயம் பூக்காத மாதத்தில் எதை வைத்துப் பார்ப்பது?

கார்மைன்

ரோயோ. இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்குமே, தொட்டிகளிலும் பூங்கா ஓரங்களிலும் வரிசையாக வைத்திருப்பார்கள், அதுதான். இலையிடுக்கில் படகு மாதிரி மடலுக்குள் வெள்ளை மொட்டு ஒளிந்திருக்கும். 12 குரோமோசோம். ஆனால் 6 பைவேலண்டை எதிர்பார்த்து உட்காராதீர்கள். இந்தச் செடியில் குரோமோசோம்கள் கைகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருப்பதால், ஒவ்வொன்றின் இடக்கை ஒருவரோடும் வலக்கை இன்னொருவரோடும் ஒத்துப்போகும். ஜோடி சேரும்போது 12-ம் கைகோத்து ஒரே வளையம். ஒரு முனையில் கயாஸ்மா தவறினால் வளையம் அறுந்து 12 கண்ணிச் சங்கிலி, இரண்டு இடத்தில் தவறினால் இரண்டு சங்கிலி. வளையத்தைவிடச் சங்கிலிதான் அதிகம் கண்ணில் படும்.

மெட்டாஃபேஸில் அந்தச் சங்கிலி கோணல்மாணலாக, ஒன்று மேலே அடுத்தது கீழே என்று மாறி மாறி நிற்கிறதா பாருங்கள். அப்படி நின்றால்தான் இரண்டு பக்கமும் முழுத் தொகுதி போகும். அடுத்தடுத்த இரண்டு ஒரே பக்கம் திரும்பியிருந்தால் அந்தச் செல்லின் மகரந்தம் வீண். அதே செடியில் விரிந்த பூவின் மகரந்தத்தை அதே சாயத்தில் போட்டு 200 எண்ணுங்கள். நிறைந்து சிவந்தவை எத்தனை, சூம்பி வெளுத்தவை எத்தனை என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, சங்கிலி நிற்கும் விதத்தின் எண்ணிக்கையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.